தட்டு வராத காலை

லோயிஸ் ஹைக்கினென் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரே ஆஸ்பத்திரி. அதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவள் அவள். பாதிக் குடும்பங்களில் யாரோ ஒருவருடைய கடைசி நேரத்தில் அவள்தான் பக்கத்தில் நின்றிருக்கிறாள். முதுகு போய்விட்டது, ஆட்களைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைக்க இனி முடியாது, அதனால்தான் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மைதான்.

மீதியை அவள் புருஷன் ரேயிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கொரோனா வந்த குளிர்காலத்தில் படுக்கைகள் எல்லாம் நிறைந்து, தாழ்வாரத்திலும் ஆட்களைக் கிடத்தியிருந்த நாட்களில், புதிதாகப் பட்டம் வாங்கிவந்த நர்ஸ்களை அவளிடம்தான் அனுப்பினார்கள். இரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போகும்போது எந்த மருந்தை ஏற்றுவது, எதை நிறுத்துவது என்று தெரியாமல் அவர்கள் விழித்தார்கள். ஒரு பெண் மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேவிட்டாள். லோயிஸுக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் வந்தது. அந்தக் கோபத்திலேயே மேற்படிப்புப் படித்தாள், முனைவர் பட்டம் வாங்கினாள், நாற்பத்தேழாவது வயதில் செவிலியர் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள்.

துறைத் தலைவர் நோரீன் டூலி அவளை அன்பாகத்தான் வரவேற்றார். இரண்டாம் வருடத்துக்கு மருந்தியல் வகுப்பு, அறுபது பேர். அதோடு வாரம் ஒருநாள் எட்டு மாணவர்களை ஆஸ்பத்திரி வார்டுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுக்கவேண்டும். அறைச் சாவியையும், கார் நிறுத்த ஒரு ஸ்டிக்கரையும், போன வருடம் இதே பாடத்தை நடத்தியவரின் பாடத்திட்டத்தையும் கொடுத்தார்கள். வகுப்பு எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. தெரிந்ததைச் சொல்வதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது?

அவள் உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதையும் சமையலறை மேசையிலேயே கழித்தாள். ஒரு மருந்துக்குப் பத்து ஸ்லைடு, ஒரு வகுப்புக்கு எண்பது ஸ்லைடு. எங்கே எதை விட்டாலும் அது ஒருநாள் ஒரு நோயாளியின் உயிரில் போய் முடியும் என்று அவளுக்குப் பயம். கவுண்டி சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டி ஓட்டும் ரே, சாப்பிட இடமில்லாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் சொல்லித்தந்துவிட்டால் அடுத்த வருடம் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பில் அவள் வேகமாகப் பேசினாள், தெளிவாகவும் பேசினாள். மாணவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம், நடு வரிசையில் இருந்து ஒரு கை உயர்ந்தது. ஷெல்பி ட்ரெகானிங் என்ற பெண். இருபத்தாறு வயது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவள். நெடுஞ்சாலை ஓரத்து உணவுக்கடையில் மாலையில் பரிமாறும் வேலை. அம்மாவோடும் நான்கு வயது மகளோடும் இருந்தாள். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் ஒரு மருந்தைப் பற்றிக் கேட்டாள். இது துடிப்பைக் குறைக்கிறது என்கிறீர்களே, பிறகு ஏன் இதயம் பலவீனமானவர்களுக்கே இதைக் கொடுக்கிறோம் என்று கேட்டாள்.

நல்ல கேள்வி அது. லோயிஸுக்கு அது பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு இன்னும் முப்பது ஸ்லைடு பாக்கி இருந்தது.

"அது மூணாவது பாடத்துலயே இருக்கே. படிச்சுட்டு வரலையா?" என்றாள்.

பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். ஷெல்பி கையை இறக்கிக்கொண்டாள். லோயிஸ் அதட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவளிடம் இதைவிடக் கடுமையாகப் பேசியவர்கள் உண்டு. அவள் அடுத்த ஸ்லைடுக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கேள்வி என்று ஒன்று வரவே இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது, அதனால்தான் யாரும் கேட்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். வகுப்பு நன்றாக ஓடுகிறது என்று ரேயிடம் சொல்லவும் செய்தாள்.

அக்டோபரில் இடைத்தேர்வு. பாதிப்பேர் தேறவில்லை. விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவள் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருந்தன. ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், யாரோ ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல் கிடந்தன. நோரீன் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாமே என்றார். வார்டில் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை, சாவு காத்துக்கொண்டிருப்பதில்லை என்று லோயிஸ் பதில் சொன்னாள். மாணவர்கள் படிக்காமல் வருகிறார்கள், அதுதான் விஷயம் என்றாள். நோரீன் அதோடு விட்டுவிட்டார். பாடம் நடத்த அவருக்கு ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது.

நவம்பர் நடுவில் ஏரிக் காற்றோடு முதல் பெரிய பனி விழுந்தது. அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு லோயிஸ் தன் எட்டு மாணவர்களோடு மூன்றாவது மாடி வார்டில் நின்றாள். ஆளுக்கு ஒரு நோயாளி. ஷெல்பிக்குக் கிடைத்தவர் எமில் பெக்கோலா. எழுபத்தெட்டு வயது, மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பெண்சாதி போன பிறகும் ஏரியைப் பார்த்த தன் வீட்டில் தனியாகவே இருந்தார். சர்க்கரை நோய். காலில் ஒரு புண் ஆறாததால் படுக்கவைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகவேண்டியவர்.

ஷெல்பியின் சட்டையில் தொங்கிய பெயர் அட்டையை அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"ட்ரெகானிங்கா? இங்கிலாந்துல கார்ன்வால் ஆளுங்களா நீங்க?"

"ஆமா. கொள்ளுத்தாத்தா சுரங்க வேலைக்கு வந்தவரு."

"அப்போ அந்தக் கறி அடைச்ச ரொட்டி, பாஸ்டி, அதை உங்க ஆளுங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லுவியே."

"நாங்க கண்டுபிடிச்சதுதான், மிஸ்டர் பெக்கோலா. ஃபின்லாந்துக்காரங்க நீங்க வந்து அதுக்குள்ள கேரட்டைப் போட்டுக் கெடுத்தீங்க."

அவர் இருமும் அளவுக்குச் சிரித்தார். அந்தப் பேச்சோடு சேர்த்து, பசிக்கிறது, காலைச் சாப்பாட்டுத் தட்டு இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். பனியால் சமையலறை ஆட்கள் வரத் தாமதமாகியிருக்கும் என்று ஷெல்பி நினைத்தாள். அவள் விரல் நுனியில் குத்தி சர்க்கரை அளவைப் பார்த்தாள். கூடுதலாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போடும் வேகமான இன்சுலினைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு, அதைச் சரிபார்க்க லோயிஸிடம் வந்தாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு எமிலுக்கு வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுப்பதாக இருந்தது. அதுவரை வாயில் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று முந்தின நாளே டாக்டர் எழுதியிருந்தார். அது கம்ப்யூட்டரில் வேறு ஒரு பக்கத்தில் இருந்தது. கதவில் ஒட்டவேண்டிய அட்டையை யாரும் ஒட்டவில்லை. வார்டு நர்ஸ் பனியில் வராத இருவரின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாள்.

மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்ற லோயிஸ் அடுக்கடுக்காகக் கேட்டாள். எந்த இன்சுலின், எத்தனை யூனிட், சர்க்கரை எவ்வளவு, எந்த இடத்தில் குத்துவாய், எவ்வளவு நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். ஷெல்பி எல்லாவற்றுக்கும் பிசகாமல் பதில் சொன்னாள். அடுத்த மாணவன் பின்னால் நின்றான். ஷெல்பி நகராமல் வாயைத் திறந்தாள்.

"என்ன?" என்றாள் லோயிஸ். "தெரியலையா?"

"ஒண்ணுமில்ல. தெரியும்."

அவள் போய் ஊசியைப் போட்டாள். லோயிஸ் அடுத்தவன் பக்கம் திரும்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் சத்தம் கேட்டது. எமில் வியர்த்து நனைந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், லாரியை எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கட்டிலை விட்டு இறங்கியிருக்கிறார். முதலில் ஓடியவள் ஷெல்பி. அவள் போவதற்குள் அவர் விழுந்துவிட்டார். லோயிஸ் உள்ளே நுழைந்ததும் கை தானாக வேலை செய்தது. சர்க்கரையைப் பார்த்தாள், சாப்பிடாத உடம்பில் இன்சுலின் அதை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸை ஏற்றினாள், தலையைத் தாங்கிப் பிடித்தாள். சில நிமிடத்தில் எமிலுக்கு நினைவு திரும்பியது. ஆனால் அவரால் வலது காலை அசைக்க முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஷெல்பி சுவரோரம் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை.

அன்று மாலையே லோயிஸ் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். மருந்தும் அளவும் சரியாக இருந்தன, நோயாளிக்குச் சாப்பாடு நிறுத்தியிருந்ததை மாணவி கவனிக்கவில்லை, எந்தச் சந்தேகத்தையும் எழுப்பவில்லை. எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்படித்தான் அவள் நம்பினாள்.

அடுத்த வாரம் விசாரணை. நோரீன், ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஓர் அதிகாரி, லோயிஸ், ஷெல்பி, நான்கு பேர்தான். ஷெல்பி உணவுக்கடைக்குப் போகும் கறுப்புச் சட்டையிலேயே வந்திருந்தாள். அதிகாரி நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். தட்டு வரவில்லை என்று நோயாளியே சொல்லியிருக்கிறாரே, அப்போது ஏதும் தோன்றவில்லையா?

"தோணுச்சு," என்றாள் ஷெல்பி. "தட்டு வராம இதைப் போடலாமான்னு தோணுச்சு. தட்டு வர்ற வரைக்கும் இருக்கலாமான்னு கேக்கத்தான் நின்னேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். யார் மேலும் பழி போடும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. அதுதான் லோயிஸைப் பிறகு நாள்கணக்காக வாட்டியது.

"தெரியலையான்னு கேட்டாங்க. பின்னால ஆள் நிக்குது. தெரியலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு தடவை வகுப்புல கேட்டேன், படிச்சுட்டு வரலையான்னாங்க. படிச்சுட்டுத்தான் போயிருந்தேன். ரெண்டு தடவை படிச்சேன், புரியல. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் கேக்கறதை விட்டுட்டேன். அது என் தப்புதான். ஆஸ்பத்திரியில கேட்டிருக்கணும்."

வெளியே பனி அள்ளும் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. லோயிஸுக்கு அந்த நடு வரிசைக் கை நினைவுக்கு வந்தது. அது நடந்ததையே அவள் மறந்திருந்தாள். மருந்து வண்டியருகில் திறந்த அந்த வாயை மட்டும் அவள் மறக்கவில்லை. பார்த்தாள், என்ன என்று கேட்டாள். ஆனால் பதிலுக்காக அவள் கேட்கவில்லை. நகரச் சொல்லித்தான் கேட்டாள்.

"நான் எழுதிக் குடுத்ததை மாத்தணும்," என்றாள். "இவ சந்தேகத்தை எழுப்பத்தான் வந்தா. நான்தான் வாயை அடைச்சேன். நோயாளி சாப்பிடுவாரான்னு நானும் கேக்கல. இருபது வருஷம் வேலை பார்த்தவ நான்."

நோரீன் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இது முதல் வருடம், வசந்தத்தில் வேலை நீட்டிப்பு முடிவாகவேண்டும், பல்கலைக்கழக வக்கீலைக் கேட்காமல் இப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. வக்கீலைக் கேட்டால் அவர் சொல்லவிடமாட்டார் என்பது தனக்குத் தெரியும், அதனால்தான் இப்போதே சொன்னேன் என்றாள் லோயிஸ்.

ஷெல்பியைப் படிப்பிலிருந்தே நீக்குவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. லோயிஸ் சொன்ன பிறகு அது மாறியது. அந்தப் பயிற்சியில் தேறவில்லை என்று போட்டு, அடுத்த இலையுதிர்காலத்தில் மறுபடி சேரலாம் என்றார்கள். லோயிஸின் கோப்பில் ஓர் எச்சரிக்கை ஏறியது. மூன்று வருட நீட்டிப்பு ஒரு வருடமாகக் குறைந்தது. ஷெல்பி வெளியே போகும்போது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

செமஸ்டர் முடிய இன்னும் சில வாரம் இருந்தது. திங்கட்கிழமை மருந்தியல் வகுப்புக்கு லோயிஸ் போனாள். நடு வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அன்றைக்கும் எண்பது ஸ்லைடு தயாராக இருந்தது. அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. வார்டில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், சின்ன ஊரில் எது மறைகிறது. ஆகவே அதைச் சுற்றிவளைத்துப் பேசாமல், கேள்வி கேட்டவர்களை நான் வெட்கப்படவைத்தேன், அதனால் ஒருவர் இடுப்பு முறிந்து கிடக்கிறார் என்று சொன்னாள். இன்றைக்குப் புதிதாக எதுவும் நடத்தப்போவதில்லை, புரியாததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றாள்.

ஒருவரும் பேசவில்லை.

வார்டில் பேச்சு நின்றுபோனால் அதற்குக் கெட்ட அர்த்தம்தான், உடனே எதையாவது செய்யவேண்டும். இங்கே ஒன்றும் செய்யாமல் நிற்கவேண்டியிருந்தது. அவள் கையை மேசைக்கு அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேரும் அவளை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏன் நம்பவேண்டும்? ஹீட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜன்னல் ஓரத்தில் இருந்து கோல்டன் என்ற பையன், தலையைத் தூக்காமலே பேசினான்.

"இந்த அரை ஆயுள்னு சொல்றீங்களே, ப்ரொஃபசர். அது என்னன்னே எனக்குத் தெரியல."

மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஆகும் நேரம். முதல் வாரத்தில், முதல் வகுப்பில் சொன்ன விஷயம். அதற்குப் பிறகு நடத்திய ஒவ்வொரு பாடமும் அதன் மேல்தான் நின்றது. அது முதல் பாடத்திலேயே இருக்கே என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்க அவள் பட்ட பாட்டை அந்தப் பையன் அறிந்திருக்க நியாயமில்லை.

"வேற யாருக்கெல்லாம் தெரியல?" என்று கேட்டாள்.

ஒரு கை, இரண்டு கை, பிறகு சுற்றிலும் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்ல அறையில் பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. மூன்று மாதமாக அவள் அஸ்திவாரமில்லாத வீட்டுக்குள் சாமான்களை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறாள். கரும்பலகையில் ஒரு காபிக் கோப்பையை வரைந்து, காலை எட்டு மணிக்குக் குடித்த காபி உடம்பில் எத்தனை மணிக்கு எவ்வளவு மிச்சமிருக்கும் என்று அவர்களையே கணக்குப் போடவைத்தாள். அந்த ஒன்றிலேயே வகுப்பு முழுவதும் போயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். அந்த செமஸ்டரில் நான்கு பாடங்களை அவள் நடத்தவே இல்லை. நன்றாகப் படிக்கும் மாணவர்கள் சிலர் நோரீனிடம் போய், இப்போது வகுப்பு ஆமை வேகத்தில் போகிறது, எங்களுக்கு நஷ்டம் என்று முறையிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இறுதித் தேர்வில் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் பேர் தேறினார்கள், அவ்வளவுதான். வகுப்புக்கு ஒரு நோயாளியைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, இவருக்கு என்ன கொடுப்பீர்கள், ஏன் என்று இருவர் இருவராகப் பேசவைக்கக் கற்றுக்கொள்ள அவளுக்கு இன்னொரு வருடம் பிடித்தது. எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. விட்ட ஒவ்வொன்றும் ஒரு நோயாளியின் முகத்தோடு அவள் முன்னால் வந்து நின்றது.

எமில் பெக்கோலா வீட்டுக்குத் திரும்பவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கப் பழகமுடியாமல், ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவரைப் போய்ப் பார்க்கவேண்டாம், பேசவேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். லோயிஸ் ஜனவரி வரை அந்தச் சொல்லைக் கேட்டாள். பிறகு ஒரு சனிக்கிழமை, ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். சர்க்கரை நோயாளிக்கு இதையா வாங்கினோம் என்று பாதி வழியில் உறைத்தது. அதைக் காரிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனாள்.

அவர் சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"நீதான் அந்த வாத்தியாரம்மாவா?"

"ஆமா, மிஸ்டர் பெக்கோலா."

"வக்கீலு அனுப்பிச்சாரா?"

"இல்ல. வரக்கூடாதுன்னு சொன்னாரு."

"அப்போ உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சேர்த்துக் கோத்து வைத்திருந்தாள். மன்னிச்சிடுங்க என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை.

"அந்தப் பொண்ணு முதல் வாரமே வந்துட்டுப் போயிட்டா. அழுதா. இனி நர்ஸ் வேலைப் பக்கமே போகமாட்டேன்னா. முட்டாள்தனமாப் பேசாதேன்னு திட்டி அனுப்பினேன். உனக்குத்தான் இவ்வளவு நாளாயிருக்கு."

"ஆமா."

"அவ மேல எனக்குக் கோவம் இல்ல. சின்னப் பொண்ணு." அவர் ஜன்னலைக் காட்டினார். "உன் மேல இருக்கு. என் வீட்டு நாற்காலியில உக்காந்தா ஏரி தெரியும். ஐஸ் உடையறது தெரியும். இங்க கார் நிக்கறதுதான் தெரியுது."

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். பனி படிந்த கார்கள் வரிசையாக நின்றன, அவளுடையதும் அதில் ஒன்று. ஆறுதலாக எதையும் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் புரிந்தது. போகும்போது மறுபடி வரலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னால் மட்டும் வராமல் இருக்கப்போகிறாயா, வா என்றார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது போனாள். பெரும்பாலும் லாரி ஓட்டிய கதைகளைச் சொல்வார், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஏரியில் ஐஸ் உடையும் பருவத்தில் நிமோனியா வந்து இறந்துபோனார். லூத்தரன் தேவாலயத்தில் நடந்த அடக்க ஆராதனைக்கு லோயிஸ் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவருடைய மகள் டெட்ராய்ட்டில் இருந்து வந்திருந்தாள். லோயிஸ் யார் என்று அவளுக்குத் தெரியும். ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் போட்ட சாப்பாட்டுக்கு அவளைக் கூப்பிடவில்லை. லோயிஸும் எதிர்பார்க்கவில்லை.

ஷெல்பி அதற்கு முந்தின ஆகஸ்டிலேயே திரும்பி வந்திருந்தாள். லோயிஸின் அறைக் கதவைத் தட்டி, உட்காராமல் நின்றே பேசினாள். மறுபடி சேர்ந்திருப்பதாகவும், ஆனால் வார்டுப் பயிற்சிக்கு வேறு ஒருவரின் குழுவைக் கேட்டு வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். மருந்தியலுக்கு மட்டும் வேறு ஆசிரியர் இல்லாததால் அவள் வகுப்புக்கே வரவேண்டியிருக்கிறது என்றாள்.

"அதுதான் சரி," என்றாள் லோயிஸ். பிறகு, "போன வருஷம் நீ இதயத் துடிப்பு மருந்தைப் பத்திக் கேட்டியே, அதுக்கு நான் பதில் சொல்லல. இப்போ சொல்லவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நானே தேடிப் படிச்சுட்டேன்."

அந்த வருடம் முழுக்க ஷெல்பி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். முன்பு நடுவில் இருந்தவள். வாரத்துக்கு இரண்டு கேள்வியாவது கேட்டாள். சில கேள்விகளுக்கு லோயிஸுக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொன்னாள். அப்படிச் சொல்லும்போது வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதை அவள் கவனித்தாள். இருவருக்கும் இடையே நட்பு என்று ஒன்று வளரவில்லை. பாடம் நடந்தது, அதோடு சரி.

படிப்பை முடிப்பவர்களுக்கு மே மாதத்தில் பதக்கம் குத்தும் சடங்கு உண்டு. வெள்ளை உடுப்பில் ஒவ்வொருவராக மேடை ஏற, தாங்கள் விரும்பும் ஒருவரைக் கூப்பிட்டு மார்பில் அந்தச் சின்னப் பதக்கத்தைக் குத்தவைப்பார்கள். பலர் தங்களுக்குப் பிடித்த ஆசிரியரைக் கூப்பிடுவது வழக்கம். இன்னும் இரண்டு வருடம் கழித்து ஷெல்பியின் முறை வந்தபோது அவளுடைய அம்மாவும் மகளும் மேடைக்குப் போனார்கள். மகளுக்கு இப்போது ஏழு வயது. ஊசியைக் குத்தத் தெரியாமல் அவள் தடுமாற, பாட்டி கையைப் பிடித்து உதவினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த லோயிஸ் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள்.

கூட்டம் கலைந்து வெளியே வரும்போது ஷெல்பி அவளைத் தாண்டிப் போனவள், நின்று திரும்பினாள். கிரீன் பே நகருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் என்று ஊர்க்காரர்கள் சொன்ன செய்தி லோயிஸுக்கு முன்பே தெரியும். ஆனாலும் ஷெல்பி தன் வாயால் சொல்லக் கேட்டபோது தெரியாததுபோலவே கேட்டுக்கொண்டாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றாள் ஷெல்பி.

வேறு எதையோ சொல்ல வந்ததுபோல் அவள் கொஞ்சம் தயங்கினாள். லோயிஸ் காத்திருந்தாள். மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள், கேக் தீர்ந்துபோய்விடும் என்றாள். ஷெல்பி லேசாகத் தலையசைத்துவிட்டு அவளோடு போனாள். லோயிஸ் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கார் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். திங்கட்கிழமை கோடைகால வகுப்பு தொடங்கவிருந்தது. முதல் நாளைக்கு என்ன நடத்துவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.